மார்ஷா படத்துக்குப் பக்கத்துல

அதெல்லாம் இருக்கட்டும் காவேரி, மொதல்ல கதவ நல்லாத் தொறந்து வுடு. வூட்டுக்காரி வந்திருக்கறேன், வாசப்படியிலயே நிறுத்தி வெச்சிப் பேசறியே. செவுத்துல ஓதம் ஏறுதான்னு பாத்துட்டுப் போயிடறேன். எதுக்கு மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கறீங்க?

ஊதுவத்தி வாசன தெரு வரைக்கும் வருது. மல்லிப் பூவ பந்து பந்தா வாங்கினு வர்றீங்க. ஜன்னல வேற சாத்தியாச்சி. உள்ள என்னமோ பண்றாளுங்க, நீதான் எடங்குடுத்தேன்னு எதுத்த வூட்டு பாஞ்சாலி வந்து ஓதிட்டுப் போறா. எனக்கும் சந்தேகந்தான், மறைக்கல.

செவுத்துல மாட்டியிருக்கற படத்துல யாரு இது? கறுப்பா, தல நெறயப் பூ வெச்சினு சிரிக்குது. நம்ம பக்கத்து ஆளாட்டம் இல்லியே. மதம் கிதம் மாத்தற வேல இல்லியே?

அமெரிக்காவா? மார்ஷாவா? உங்களாட்டம் திருநங்கையா? இந்தா, எங்கிட்ட கத வுடாத. அமெரிக்காக்காரி உனக்கு எப்பிடி ஒறவாவா? சரி, சொல்லு, கேக்கறேன்.

ம்ம்... போலீசு அடிச்சப்ப எதுத்து நின்னுச்சா. தனக்கே தங்க எடமில்லாதப்பவும், வூட்ட வுட்டுத் தொரத்துன புள்ளைங்களச் சேத்து வெச்சிப் பாத்துக்கிச்சா. கடசீல ஆத்துல பொணமா எடுத்தாங்களா? தானா வுழுந்து செத்துச்சின்னு போலீசு முடிச்சிட்டாங்களா? அட போம்மா. அங்கியும் இதே கததானா.

சரி, அது உங்களுக்குப் பெரியம்மான்னே வெச்சிக்கறேன். சுத்தி மாட்டி வெச்சிருக்கறதெல்லாம் யாரு? நம்மூரு மூஞ்சிங்களா இருக்குது. செத்துப் போன திருநங்கைங்களா? எல்லாருமா? எந்தெந்த ஊரு? ஓசூரு, பெங்களூரு... பொணத்த வாங்கக்கூட பெத்தவங்க வரலியா? அடப் பாவமே.

நான் ஏன் ஒண்ணொண்ணா உத்துப் பாக்கறேன்னு கேக்கறியா? பாக்கக்கூடாதா? இந்த மூலையில இருக்கறது யாரு? மால மூஞ்சிய மறைக்குது, கொஞ்சம் ஒதுக்கு. லைட்டப் போடு.

இல்ல. இது இல்ல.

ஒண்ணுமில்லம்மா, மாலைய பழையபடி இழுத்து வுடு. எம் புள்ள பூவரசன் பொடவ கட்டினான்னு அவங்கப்பா அடிச்சித் தொரத்திட்டாரு. பெங்களூரு சிக்னல்ல பாத்தேன்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. அதுக்கப்பறம் ஒரு சேதியும் இல்ல. ஊரே வேணான்னப்ப உங்களுக்கு வூடு குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச? இந்தச் செவுத்துல எம்புள்ள படம் இல்லல்ல? அப்ப எங்கியோ உசுரோட இருக்கறான்... இருக்கறா. இருக்கறாதானே, காவேரி?