தீ வளையத்துக்கு ஆகாத சேலை

“நீ பத்திக்கிட்டா ஈரச் சாக்கோட உன்மேல வந்து விழப்போறவ நான்தான்டி.”

பட்டுக்கோட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பஸ்ஸில், மத்தியானம், எனக்கு முன்சீட்டில் இருந்த செல்வி என்ற பெண் தன் தோழி மலரிடம் சொன்னது இது. இருவர் மடியிலும் சேர்ந்தாற்போல் ஒரு பெரிய இரும்பு வளையம் கிடந்தது. சுற்றிலும் துணித்திரி கட்டியிருந்தது. சாயங்காலம் மாரியம்மன் சந்நிதியில் அதைக் கொளுத்தி, இடுப்பில் சுழற்றி ஆடுவதாக மலருக்கு வேண்டுதல். நெருப்போடு ஆடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“தலைக்கு எண்ணெய் வைக்காத. முந்தானையை இறுக்கிச் செருகு. மண்ணெண்ணெயில முக்குன திரியை நல்லா உதறிட்டுத்தான் கொளுத்தணும்.”

“எத்தனை தடவை சொல்லுவ?”

“சேலை என்ன துணி?”

“காப்புக் கட்டுன எல்லாரும் சேர்ந்து எடுத்த மஞ்சச் சேலைதான். பாலியஸ்டர்.”

“அது உருகித் தோலோட ஒட்டிக்கும். நூல் சேலை கட்டு.”

“மஞ்சள்ல நூல் சேலை எங்கிட்ட இல்ல. வேற கலர் கட்டுனா அத்தை சாமி குத்தம்னுவாங்க. ஆத்தா பாத்துக்குவா.”

“பாத்துக்குவா. ஆனா அந்தச் சேலையில நீ நின்னா, வளையத்தை நான் கொளுத்திவிட மாட்டேன்.”

தாயே, இந்த மலருக்கு நல்ல புத்தி கொடு என்று கும்பிட்டுக்கொண்டேன்.

பிறகு மலர் போனை எடுத்து, மாமியாரிடம் தணிந்த குரலில் பேசினாள்.

“என்னடி சொன்னாங்க?”

“முன்னாடியே ஏன் சொல்லலன்னு திட்டுனாங்க. அவங்க நூல் சேலையை மஞ்சத் தண்ணியில முக்கி, இப்பவே கொடியில போடுறாங்களாம்.”