எதிர்ப் பக்கம் அணையும் விளக்கு

தன் கார் ஓடும்போது அதன் முகம் எப்படி இருக்கிறது என்பதை ஓட்டுகிறவன் பார்ப்பதே இல்லை. நிறுத்தி வைத்துப் பார்ப்பான், துடைப்பான், படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவான். ஓடுகிற காரின் முகம் எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் கதிரேசன். நாவலூரில் ஐ.டி. வேலை. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த ஃபிளாட். அந்த அப்பார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு நான்தான் செகரெட்டரி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் வாட்ச்மேன் எலியேசர் இறந்த வழக்கில் அடுத்த வாரம் ஹரிபிரசாத் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அவன் ஒப்புக்கொள்ளக் கூடாது. எலியேசரை இடித்தது அவன் கார் இல்லை, என் கார். ஆனால் முதலில் விளக்கைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. கார் விளக்கு ஒன்றில்தான் பைத்தியம். வண்டியோடு வந்த ஹெட்லைட் அழுது வடிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புது செட் வாங்கி நானே மாட்டினேன். அதில் மேலே புருவம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்தாலே பகலிலும் எரியும். டிஆர்எல் என்பார்கள். பழைய ஒயரிங்கில் அதற்கு இடமில்லை என்பதால் தனியாக ஒயர் இழுக்க வேண்டும். இடது இண்டிகேட்டர் போட்டால் இடது கோடு மட்டும் அணைய வேண்டும், வலது போட்டால் வலது. அப்போதுதான் இண்டிகேட்டரின் மஞ்சள் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். நான் அந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இடது இண்டிகேட்டர் போட்டால் வலது கோடு அணைந்தது. எல்லாம் எரிகிறதா என்று பார்த்தேனே தவிர, எது அணைகிறது என்று பார்க்கவில்லை.

அதைக் கவனித்தவர் எலியேசர் ஒருவர்தான். எங்கள் கேட்டில் எந்தக் கார் வருகிறது என்பதை விளக்கை வைத்தே சொல்லிவிடுவார். யாரும் ஹாரன் அடிக்கும்படி வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டு என் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? லெப்ட்டு கை காட்டினா ரைட்டு கண்ணு மூடிக்கிதே. ஸ்டைலுக்கா அப்டி வெச்சிகினு கீறீங்க?"

"ஆமா, இப்ப அதான் லேட்டஸ்ட்" என்றேன்.

"சோக்கா கீது சார்" என்றார். உண்மையாகவே ரசித்துத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. சரிசெய்வதென்றால் பம்பரைக் கழற்ற வேண்டும். பேஸ்மெண்ட்டில் நாலு பேர் வந்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அப்பார்ட்மெண்ட்டில் யாருக்கு லைட் மாற்ற வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், அதனால் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஹரிபிரசாத் என் எதிர் ஃபிளாட். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என் கார் எந்த மாடலோ அதையே, அதே வெள்ளையில் வாங்கினான். என் லைட்டைப் பார்த்ததும், "அண்ணா, எனக்கும் இதே செட் போட்டுக் குடுங்கண்ணா" என்று வந்தான். அவன் வண்டியில் ஒயரைச் சரியாகவே கொடுத்தேன். ஒரு முறை தப்பு செய்ததால் மறுமுறை கவனமாக இருந்தேன்.

எலியேசர் பள்ளத்தில் கிடப்பதை ஒரு மழைநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். நைட் டூட்டிக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர். ஏரிக்கரை வளைவில் வடிகாலுக்காக வெட்டிப் போட்டிருந்த பள்ளம் அது. இரண்டு நாள் கழித்து நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஹார்டுவேர் கடை கேமராவில் பதிந்த படத்தை போனில் காட்டினீர்கள். ஒரு வெள்ளைக் கார் இடது பக்கம் திரும்புகிறது. ஹெட்லைட் கண்ணைப் பறிப்பதால் நம்பர் தெரியவில்லை, கேமராவில் நேரமும் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இடது இண்டிகேட்டர் மின்னும்போது வலது பக்கத்துக் கோடு அணைந்திருப்பது நன்றாகத் தெரிந்தது.

"நீங்க லைட் வேலையெல்லாம் தெரிஞ்சவராமே சார். இது என்ன, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள்.

நான் சரியாகவே சொன்னேன். ஒயர் மாறியிருக்கிறது, இப்படி மாறியிருக்கும் வண்டி இந்த ஏரியாவில் ஒன்றுதான் இருக்கும் என்றேன். திங்கட்கிழமை எங்கள் பேஸ்மெண்ட்டில் இருக்கிற வெள்ளைக் கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைக்கிறேன் என்றும் நானேதான் சொன்னேன். அவ்வளவு ஒத்துழைப்புக் கொடுக்கிற செகரெட்டரியைப் பார்த்ததில்லை என்றீர்கள். உங்களுக்கு என் மனைவி காபி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹரியைக் கூப்பிட்டேன். இந்த செட்டில் கனெக்‌ஷன் சூடாகிறதாம், இரண்டு வண்டியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றேன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இரண்டுக்கும் பம்பரைக் கழற்றினோம். என் வண்டியில் மாறியிருந்ததை நேராக்கினேன். அவன் வண்டியில் நேராக இருந்ததை மாற்றினேன். கீழே இருட்டாக இருந்ததால் அவன்தான் டார்ச் பிடித்தான். என் பம்பரின் இடது மூலை கொஞ்சம் உள்ளே போயிருந்தது. வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகி வெளியே வந்துவிடும். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். அவன் வண்டியின் இடது பக்கத்தில் பேஸ்மெண்ட் தூணில் உரசின பழைய கீறல் ஒன்று இருந்தது. அதை நான் தொடவில்லை.

என் வண்டியைச் சரிசெய்ததோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். எதுவுமே அகப்படவில்லை என்றால் நீங்கள் தேடிக்கொண்டே இருப்பீர்கள். ஹரிக்கு இன்னும் குழந்தை இல்லை. மாமனார் வக்கீல். விபத்துதானே, பெரிய தண்டனை வராது. எனக்குப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இதையெல்லாம் ஸ்குரூ முடுக்கிக்கொண்டே யோசித்தேன். வேலை முடிந்ததும், "தேங்க்ஸ்ணா, உங்க சண்டேயைக் கெடுத்துட்டேன்" என்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கை கழுவுகிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. ஹரி இடது இண்டிகேட்டர் போட்டான், வலது கோடு அணைந்தது. நேற்றுதான் அண்ணன் பார்த்துக் கொடுத்தார் என்றான். உடனே என் பக்கம் திரும்பினீர்கள். இவன் வண்டியில் ஒயரை மாற்றிக் கொடுத்தது நான்தான், தப்பு என்னுடையது, நேற்றே பார்த்தும் பையனுக்காகச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். முதல் பாதியில் பொய்யே இல்லை. நீங்கள் என் தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள்.

ஹரி முதலில் மறுத்தான். ஜாமீனில் வந்தபிறகு என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அன்று மழையில் அதே வழியாகத்தான் வந்ததாகச் சொன்னான்.

"வளைவுல ஏதோ தூக்கிப் போட்டுச்சுண்ணா. ஸ்பீட் பிரேக்கர்னு நெனைச்சேன்."

"அந்த எடத்துல ஸ்பீட் பிரேக்கர் கிடையாதேடா" என்றேன்.

ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள், தூக்கிப் போடத்தான் செய்யும். அதை நான் சொல்லவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு, இடித்தது தன் காராகத்தான் இருக்கும் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். சாப்பிடுவதில்லை, காரைத் தொடுவதில்லை. எலியேசர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். நான்தான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். எலியேசரின் மனைவி பேபி, காலில் விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்தாள். "அழுவாத தம்பி, நீ இன்னா வேணும்னா செஞ்ச" என்றாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பேபிக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட்டில் பெருக்குகிற வேலை கொடுக்கலாம் என்று மீட்டிங்கில் சொன்னதும் நான்தான். எல்லாரும் கைதட்டினார்கள். தினமும் காலையில் நான் வண்டி எடுக்கும்போது அவள் துடைப்பத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்பாள். நான் ரியர் வியூ கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

இன்று காலை இடது இண்டிகேட்டர் போட்டு வண்டியை எடுத்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

"சார், உங்க வண்டி இப்ப அப்டி கண்ணடிக்கிறதில்லியா?"

"எப்படி?"

"லெப்ட்டு போட்டா ரைட்டு கண்ணு மூடிக்கும்னு அவரு சொல்லுவாரு சார். செகரெட்டரி சாரு வண்டிதான் அப்டி, ஸ்டைலுக்கு வெச்சிகினு கீறாருன்னு வூட்ல நடிச்சிக் காட்டுவாரு. ஒத்தக் கண்ண மூடிகினு நடந்து வருவாரு. நாங்க வுழுந்து வுழுந்து சிரிப்போம்."

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை சார். புருஷன் ஞாபகம் வந்துதான் கேட்டாள். பக்கத்து வண்டிகளுக்கு நடுவில் ஹரியின் மனைவி அனுப்பிரியா நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் கையிலிருந்த ஹெல்மெட்டைத் தன் ஸ்கூட்டர் மேல் வைத்தாள். பேபியின் பக்கத்தில் வந்து, "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நான் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மேடவாக்கம் சிக்னல் வரைக்கும் போனேன். அங்கே திருப்பிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டேன்.

நானாகவே வந்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் உள்ளே நுழையும்போது அனுப்பிரியாவும் பேபியும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உண்மைதான். அதற்கும் நான் வந்ததற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இடித்ததைப் பற்றி.

அன்று நன்றாக இருட்டவில்லை. வளைவில் இடது பக்கம் திரும்பும்போது, எதிரே இருந்த காம்பவுண்ட் சுவரில் என் புது ஹெட்லைட்டின் வெளிச்சம் கோடு போட்டதுபோல் நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே திரும்பினேன். நேராகத்தான் விழுந்தது. அப்போதுதான் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். சைக்கிளோடு பள்ளத்துக்குள் கிடந்தார். பள்ளத்தில் தண்ணீர் இல்லை. கண்ணைத் திறந்திருந்தார்.

"கதிரேசன் சாருதானே? ரைட்டு கண்ணு மூடிச்சே, நம்ம சாருதான்னு ஒதுங்கி நின்னேன் சார்" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். "கால் ரெண்டும் அசைய மாட்டேங்குது. நீங்க பேஜாராவாதீங்க. கேட்ல தனக்கோடிதான் கீறான், அவன டூட்டி மாத்தி அனுப்பணும். கொஞ்சம் சொல்லிடுங்க சார்."

அசையாமல் இருங்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "செரி சார்" என்றார். அந்த நிமிஷம் நான் கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் இருந்தேன். போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் நினைவில்லாமல் கிடந்திருந்தால் நிச்சயமாக நானே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன், யாரோ இடித்துவிட்டுப் போன ஆளைக் காப்பாற்றினேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறந்த தனக்கோடி, "எலியேசரண்ணன இன்னும் காணோம் சார்" என்றான். "வந்துடுவாரு" என்றேன். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அது மழைத் தண்ணீர் போவதற்காக வெட்டின பள்ளம் என்பது எனக்குத் தெரியும். அசோசியேஷன் சார்பில் மனு எழுதிக் கேட்டு வாங்கியதே நான்தான். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது தோசை போடச் சொன்னேன். அவர் வெகுநேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள்தான் பிறகு என்னிடம் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியதையும் பார்த்தீர்கள். அது நடிப்பு இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது சார். இத்தனை மாதமாக வெட்கத்தைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. கண்ணாடி பார்த்து ஷேவ் பண்ண முடியவில்லை. ராத்திரியில் அந்த ஒயர்கள்தான் கண்ணுக்குள் வருகின்றன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. சின்னப் பிள்ளைகூட மாற்றிக் கொடுக்காது. எலியேசர் கேட்ட அன்றைக்கே பம்பரைக் கழற்றி அதைச் சரிசெய்திருந்தால், பாவம், ஹரியைத் தொந்தரவு செய்திருக்கவே வேண்டாம், நானும் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.