கேட்காமல் வைத்த கேள்வி: தனிப்பிரிவு ஏட்டு பாக்கியசாமி அவர்களுக்குப் பாராட்டு மடல்

பண்பிற் சிறந்த பெருந்தகையே! பென்சிலும் பொறுமையும் பிரியாத பேராளரே! செஞ்சி வட்டாரத்து மேடை முழக்கமெல்லாம் முப்பதாண்டு செவிமடுத்து, சொல் சிந்தாமல் சேர்த்துவைத்த எங்கள் ஏட்டையா அவர்களே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பது நாங்கள் அறியாததல்ல. ஆகவே உங்களை உட்கார வைத்துவிட்டு, உங்களைப் பற்றிச் சபையோரிடம் சொல்லுகிறோம்.

சபையோரே! தனிப்பிரிவு என்னும் ரகசியப் போலீசில் இவரைப் போல ரகசியமே இல்லாதவரைப் பார்க்க முடியாது. எங்கே கூட்டம் நடந்தாலும் வேட்டி சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுவதை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது இவர் உத்தியோகம். சிங்கவரத்துக் கைக்குழந்தைக்கும் அது தெரியும். பேசுகிறவர் வேகமெடுத்தால் இவர் இடக்கையைச் சற்றே உயர்த்துவார். பென்சில் வந்து சேரும்வரை அவரும் நின்று கொடுப்பார்.

அப்படி நின்று கொடுத்தவர்களில் முதல்வர், இன்று இவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் திரு. தனகோட்டி அவர்கள். 1941இல் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் மாட்டுவண்டி மேல் ஏறி நின்று பேசினார். இவர் எழுதியதை வைத்தே அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. விடுதலையாகி வந்ததும் இவரைத் தேடிவந்து, ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலம் புரண்டது. சிறை சென்றவர் சட்டசபை அங்கத்தினர் ஆனார். போலீஸ் இலாகா ஒவ்வோர் ஆண்டும் நடக்கவேண்டுமானால் அந்தச் சபை ஓட்டுப் போட்டுப் பணம் ஒதுக்கவேண்டும். சென்ற ஆண்டு மார்ச்சில் அந்த ஓட்டு வந்தபோது, ரகசியப் போலீசுக்கு மட்டும் ஒன்றும் ஒதுக்கக்கூடாது என்று ஒரு பிரேரணையும் கூடவே வந்தது. அது நிறைவேறினால் இவர்கீழ் வேலை பார்க்கும் எங்கள் நால்வர் வீட்டிலும் அடுப்பு எரியாது. இவருக்கோ பென்ஷனுக்கு ஓராண்டுதான் பாக்கி.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னே தனகோட்டி அவர்கள் எங்கள் ஆபீசு வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டையா, மேல்மலையனூர்ல அன்னிக்கு நான் இன்னா பேசுனேன்? எனக்கு நெனப்பு இல்ல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க நோட்டுல இருக்கும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறோம்: நோட்டு செல்லரித்துப் போச்சு என்று இவர் சொல்லிவிடமாட்டாரா என நாங்கள் ஏங்கினோம். எங்களில் ஒருவர் கண்ஜாடையும் காட்டினார். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய நோட்டைப் பிரித்து நிதானமாகப் படித்தார்.

“‘நம்ம ஆட்சி வந்தா இந்த ரகசியப் போலீசுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.’ சொன்னீங்க. சொல்லிட்டு, ‘எழுதிக்கினீங்களா ஏட்டையா’ன்னும் கேட்டீங்க. அதையும் எழுதியிருக்கேன்.”

தனகோட்டி அவர்கள், இவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, திண்டிவனம் பஸ் ஏறிப் பட்டணம் போனார். அன்று இவரிடம் நாங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அதற்கு இந்தச் சபையிலே மன்னிப்புக் கேட்கிறோம்.

பிரேரணை தோற்றது. போலீசுக்குப் பணம் ஒதுக்கும் மானியம் நிறைவேறியது. எங்கள் அடுப்பு எரிந்தது. ஆனால் பத்திரிகையில் அங்கத்தினர்கள் பெயர் இல்லை. ‘உண்டு’ என்றவர்கள் குரலும் ‘இல்லை’ என்றவர்கள் குரலும் ஒரே கூச்சலாய் எழுந்ததாகவும், எந்தப் பக்கம் ஓங்கிற்று என்று சபாநாயகர் தீர்ப்புச் சொன்னதாகவும்தான் போட்டிருந்தது. அந்தக் கூச்சலில் தனகோட்டி அவர்கள் குரல் எந்தப் பக்கம்? கடைத்தெருவில் பந்தயமே கட்டினார்கள். அவரோ சிரித்ததோடு சரி.

ஊர்ச் சேதியெல்லாம் அறிந்த இவரையே அவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னோம். அறிய ஆசை இவருக்கு எங்களைவிட அதிகம். பத்திரிகையை நான்கு முறை படித்ததைக் கண்டோம். இருந்தும் மறுத்துவிட்டார்.

“இந்த உத்தியோகத்துல இருந்துக்கினு நான் கேட்டா அது விசாரணை. சபைக்குள்ள அவர் இன்னா சொன்னாருன்னு போலீஸ்காரன் கேக்கக்கூடாதுப்பா.”

ஐயா! முப்பதாண்டு சர்க்காருக்காகக் கேட்டீர்கள். உங்களுக்கென்று கேட்க விரும்பிய ஒரே கேள்வியை ஓராண்டுக்கு மேல் நெஞ்சிலேயே வைத்திருந்தீர்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் உத்தியோகம் முடிந்தது. இப்போது நீங்கள் வெறும் பாக்கியசாமி. அவர் உங்கள் அங்கத்தினர்.

துணைவியார் சவரியம்மாளோடு நூறாண்டு நோயின்றி, செவி மங்காமல் வாழ்வீராக! இந்த மடலை உங்கள் கையில் தந்துவிட்டு நாங்கள் எழுந்துகொள்கிறோம். கேட்கவேண்டியதைக் கேளுங்கள். நாங்கள் இன்னும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஆகவே கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்கிறோம்.

செஞ்சி, 30-6-1949
இப்படிக்கு,
இன்று முதல் முன்வரிசையில் தனியே உட்காரவேண்டிய
தனிப்பிரிவு ஊழியர்கள் நால்வர்