ஒரே வகுப்பில் ஓர் அண்ணன்

— சோத்தை இவ்ளோ அழுத்தாதீங்கக்கா, பாசித்தாள் கிழிஞ்சிடும். கிம்பாப் சுருட்டறீங்களா, துணி பிழியறீங்களா?

— மனசு இதுல இல்ல ஜூவன் அம்மா. நேத்து ஹைஸ்கூல் கோச் போன் பண்ணாரு. எங்க தேரிமை அவங்க பேஸ்பால் டீமுக்கு எடுத்துக்கிட்டாங்க.

— தெரியும்க்கா. நல்ல சேதிதானே. அந்த மஞ்ச முள்ளங்கிய இப்படித் தள்ளுங்க.

— உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. ஷார்ட்ஸ்டாப்பா நின்னு பந்து பிடிக்க இருந்தது ஒரே இடம். நம்ம ரெண்டு பசங்களும் அதுக்குத்தானே ஆடினாங்க.

— ஆடினாங்க. ஒருத்தனுக்குக் கிடைச்சுது. விடுங்க.

— எப்படி விடறது? எம் பையன் ஒரு வயசு பெரியவன். முழங்கை ஆபரேஷனுக்கப்புறம் அதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்கார வெச்சோம். அந்த ஒரு வருஷத்துல ஒரு சாண் வளந்துட்டான். உன் பையன் இன்னும் என் தோளுக்குத்தான் வரான். மத்த அப்பாமாருங்க என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியாதா?

— என்னவாம்?

— வயசை வெச்சு இடத்தைப் பிடிச்சிட்டானாம்.

— வாய் சும்மா இருக்காது அவங்களுக்கு. ஆளுக்கு ரெண்டு கிம்பாப் குடுங்க, அடங்கிடும்.

— சிரிக்காத. உண்மையத்தான் சொல்றேன், உன்கிட்ட ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். மார்ச்சுல பள்ளிக்கூடம் திறந்தப்ப அவனை எப்படிக் கூப்பிடறதுன்னே யாருக்கும் தெரியல. கூடப் படிச்சவனுங்க மேல் வகுப்புக்குப் போயிட்டானுங்க. இந்த வாண்டுங்க, ஒரே வகுப்புதானே, பேர் சொன்னா என்னன்னு நிக்குதுங்க. வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னு படுத்துட்டான். மறுநாள் உன் பையன்தான் மைதானமே கேக்கற மாதிரி "தேரிம் அண்ணா, பந்தைப் போடுங்க"ன்னானாம். அதோட மொத்த டீமும் அண்ணா அண்ணான்னுது. அன்னிக்கு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான் பாரு.

— அண்ணனை அண்ணன்னு கூப்பிட்டதுக்கு இவ்ளோ நன்றியா? எங்க வீட்டுல தினமும் சமைக்கறேன், ஒருத்தரும் நன்றி சொல்றதில்ல.

— நம்ம பள்ளிக்கூடத்து கோச்சுக்கும் ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கி வெச்சிருக்கேன். அவரு சிபாரிசு பண்ணித்தான் எடுத்திருப்பாங்க.

— வாத்தியாருங்க அதெல்லாம் வாங்கக் கூடாதுக்கா, மாட்டிக்குவாரு. நீங்களே உரிச்சுச் சாப்பிடுங்க.

— இல்ல, எனக்குப் புரியல. போன வாரம் வரைக்கும் அந்த ஹைஸ்கூல் கோச் உன் பையன் பேரைத்தான் சொல்லிட்டிருந்தாரு. எம் பையனை அவங்க எடுக்கலன்னா முடிஞ்சுது. இன்னொரு தடவை வகுப்புல நிறுத்தவும் முடியாது, வயசு தாண்டிடும். மட்டையை மூலையில போட்டிருப்பான். கடைசி நேரத்துல அவரு எப்படி மனசு மாத்திக்கிட்டாருன்னே தெரியல.

— அவரு மாத்திக்கலக்கா.

— பின்ன?

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்.

— யாரு?

— ஜூவன்தான். அந்த ஹைஸ்கூல் கோச் முதல்ல போன் பண்ணது எங்க வீட்டுக்கு. இவன் சொன்னதைக் கேட்டு அவங்கப்பா ரெண்டு நாள் ஒத்துக்கவே இல்ல, அப்புறம் அவரே சரின்னுட்டாரு.

— அப்படி என்ன சொன்னான்?

— "அண்ணனை எடுத்துக்கங்க. அவருக்கு இனிமே வகுப்புல நிக்க வருஷம் இல்ல சார், எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. இந்தத் தடவை நான் வகுப்புல நின்னுக்கறேன்"னு.