பெற்றோர் கையொப்பம்

— அப்ப இது கட்டாயம் இல்லையா? பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க, அனுப்பியே ஆகணும், அரசாங்க உத்தரவுன்னு என் மக சொன்னாளே.

— அதாவது நிங்கவ்வா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. பத்து மாசம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். தொறக்கும்போதே மேலிடத்துலேர்ந்து தெளிவா எழுதியிருந்தாங்க. இஷ்டப்பட்டவங்க வரலாம். அப்பாவோ அம்மாவோ சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் பிள்ளையை உள்ள விடணும். இல்லேன்னா வீட்ல உக்காந்து படிக்கட்டும்னு.

— நான் எந்தக் கடுதாசியிலயும் கை வைக்கல ஹெட்மாஸ்டர் சார். வைக்கச் சொல்லி எவனாவது என் வாசலுக்கு வந்திருந்தா வெளக்குமாத்தால பதில் சொல்லியிருப்பேன். வீட்ல ஒரு நெஞ்சுச் சீக்காளியை வச்சுக்கிட்டு எவளாவது சரின்னு சொல்லுவாளா?

— அதைப் பேசத்தான் வந்தேன். நீங்க தாலுகா ஆபீசுல எழுத வச்ச புகார் என் மேசைக்கு வந்திருக்கு. பள்ளிக்கூடத்தைத் தொறந்து என் தம்பியைக் கொன்னுட்டாங்கன்னு.

— பொய்யா? உங்க கணக்கு வாத்தியாருக்குக் கொரோனா. ஒரே வாரத்துல என் மகளுக்குக் காய்ச்சல். நாலு நாள்ல அவ எந்திரிச்சு உக்காந்து ரொட்டி தின்னா, அவ மாமன் படுத்துட்டான். இருபது வருஷம் கல்லுக் குவாரித் தூசியைத் தின்ன நெஞ்சு சார் அது. பெரியாஸ்பத்திரி வராந்தாவுல ஆக்சிஜன் குழாய்க்குக் காத்திருந்தே போய்ட்டான். என் தம்பி அனுமந்தாவை மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்க. மூஞ்சியக்கூடக் காட்டல.

— எனக்கும் வருத்தம்தான். ஆனா அதாவது, கடிதம் என்கிட்ட இருக்கே. நீங்களே பாருங்க. 'என் மகள் பாக்யஸ்ரீ பள்ளிக்கு வர எனக்குச் சம்மதம். நோய் வந்தால் பள்ளி பொறுப்பல்ல.' கீழ கையெழுத்து, சாபண்ணா.

— எந்தச் சாபண்ணா?

— உங்க வீட்டுக்காரர்தான். இதோ நிக்கறாரே.

— சார், ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்க. இந்தாளுக்கு எழுத்துக்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரியாது. ரேஷன் கார்டுல கைநாட்டு. பேங்க் புஸ்தகத்துல கைநாட்டு. மகளை உங்ககிட்ட சேர்த்தப்பவும் கைநாட்டுதான். போய் உங்க ரிஜிஸ்தரைப் புரட்டுங்க.

— கைநாட்டா? நிஜமாவா?

— ஏய் மனுசா, ஏன் நட்டு வச்ச கல்லாட்டம் நிக்கற? நீ போட்டியா இதை?

— அது வந்து, எனக்கு ஏது நிங்கவ்வா கையெழுத்து.

— கேட்டீங்களா சார்?

— சாபண்ணா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது பொய்க் கையெழுத்துன்னா, சரிபார்க்காம வாங்கி வச்ச என் வேலை போயிடும். ரிட்டையராக இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு.

— அது வந்து சார், நான் மும்பையில சிமெண்ட் கலந்த ஆளு. பேனாவைப் பிடிச்சதே இல்ல.

— அப்புறம் யாரு போட்டது, பேயா? இந்த வீட்ல எழுதத் தெரிஞ்ச ஆளு ஒருத்திதான். பாகி, வெளிய வாடி. இந்தக் கடுதாசியைப் பாரு. அப்பனை ஏன் பாக்கற? என்னைப் பாரு. நீதானே போட்ட?

— நிங்கவ்வா, அடிக்காதீங்க. விடுங்க, சின்னப் பொண்ணு.

— ஆமான்னு தலையாட்டுறா சார். நீங்களே பாத்தீங்கல்ல. மாமன் தோள்ல ஏறி வளந்தவ. அவன் நெஞ்சு மேலயே கையெழுத்துப் போட்டிருக்கா.

— அது வந்து, விட்டுடு நிங்கவ்வா. படிக்கற ஆசையில ஏதோ.

— நீ பேசாதே. உன் பேரைத் திருடியிருக்கா, உனக்குச் சுரணையே இல்ல. சார், இவ பேரை வெட்டுங்க. டிசி எழுதுங்க.

— பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு நாலு மாசம்தாம்மா இருக்கு. பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க் வாங்கற பொண்ணு. இப்பப் போய் நிறுத்தினா அவ படிப்பு அதோட முடிஞ்சுது.

— முடியட்டும். மார்க்கைக் கொண்டுபோய் என் தம்பி குழியில போடுங்க. குவாரி மேஸ்திரிக்குப் பொண்டாட்டி செத்துட்டா, ரெண்டு பிள்ளையோட திண்டாடறான். வர்ற திங்கக்கிழமை இவளை அங்க கட்டிக் குடுத்துடறேன். என் தம்பியைத் தின்னவ, அந்த வீட்ல ரொட்டி தட்டிக் கிடக்கட்டும்.

— அதாவது, பதினஞ்சு வயசுப் பொண்ணை அப்படியெல்லாம் பண்ணக் கூடாது. சட்டம் இருக்கு.

— சட்டமா? எந்தச் சட்டம், பொய்க் கையெழுத்தை வாங்கி ஃபைல்ல சொருகி வச்சுதே, அந்தச் சட்டமா? இவ பேரை வெட்டினீங்கன்னா புகாரை வாபஸ் வாங்கறேன். இல்லேன்னா இந்தக் கடுதாசி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லி கலெக்டர் ஆபீசு வாசல்ல படுப்பேன். எது வேணும், சொல்லுங்க.

— வாபஸ்னா எழுத்து மூலமாக் குடுப்பீங்களா?

— குடுக்கறேன்.

— சரி. டிசிக்கு விண்ணப்பம் நானே எழுதிடறேன். காரணம், குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுக்கலாம். மேஸ்திரி பேச்செல்லாம் என் காதுல விழல, புரிஞ்சுதா? அப்பாவோட கைநாட்டு வேணும். நான் கொண்டாந்த இங்க் பேட் வேற காஞ்சு கிடக்கு.

— ரொட்டிக்கல்லு அடியில கரி இருக்கு. எண்ணெய் விட்டுக் குழைச்சுக் கொண்டாரேன். பாகி, உள்ள நட.

— சாபண்ணா, பெத்தவர் நீங்க. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டீங்களா?

— அது வந்து சார், புகார் போயிட்டா உங்க தொல்லை தீர்ந்துடுமா?

— எங்க தீருது? கடிதம் பொய்ன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஏதோ ஒரு சண்டையில சந்தையில நின்னு கத்தினாங்கன்னா நான் காலி. கையெழுத்து நிஜமா இருந்திருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்ல.

— அந்தப் பேனாவைக் குடுங்க சார். அவ வர்றதுக்குள்ள. இந்தத் தாள் ஓரத்துல போடறேன், பாருங்க.

— என்னய்யா இது? அதே எழுத்து. அதே கோணல்.

— மெல்லப் பேசுங்க சார். வேலை நின்னு மும்பையிலேர்ந்து வந்து வீட்ல குந்தியிருந்தேன்ல, அப்ப பாகி கத்துக் குடுத்தா. நிங்கவ்வா பருத்தி எடுக்கப் போனப்புறம், தினமும் சிலேட்டுல. என் பேரை எழுத எனக்கு நாலு மாசம் ஆச்சு. கடுதாசியைக் கொண்டாந்து, அப்பா, உன் முதல் கையெழுத்தை இதுல போடுன்னா. எனக்கும் ஆசையாப் போச்சு.

— அப்ப அந்தப் பொண்ணு எதுக்குத் தலையாட்டுச்சு?

— அவ என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன்.

— அடப்பாவி. உள்ள போய்ச் சொல்லுய்யா, இப்பவே.

— சொன்னா என்னை வெளிய தள்ளிடுவா சார். இது அனுமந்தா கட்டின வீடு, நான் ஒண்ட வந்தவன். பாகி எப்படியும் வேற வீட்டுக்குப் போறவதானே. எனக்குப் போக்கிடம் ஏது?

— அதாவது, இது உங்க குடும்ப விஷயம். நான் அதுல தலையிட முடியாது.

— ஆமா சார்.

— கடிதத்துல இருக்கற கையெழுத்து என்னுடையதேன்னு ஒரு வரி எழுதறேன். கீழ போட்டுக் குடுத்துடுங்க. பீரோவுல பூட்டி வச்சுக்கறேன். மேலிடத்துலேர்ந்து கேட்டாத்தான் எடுப்பேன். உங்க வீட்டம்மாகிட்ட மூச்சு விட மாட்டேன்.

— எங்க போடணும்? இங்கயா சார்?

— இங்கதான். ம், போதும். பேனாவைக் குடுங்க, வர்றாங்க.

— இந்தாங்க மை. அவளையே குழைக்கச் சொன்னேன். எதுக்குன்னு தெரிஞ்சும் குழைக்கறா, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. கல்லு. மனுசா, வந்து கையை நீட்டு.

— எந்தக் கை சார்?

— இடது கை. பெருவிரலை நல்லா அழுத்துங்க, சாபண்ணா.

— பாருங்க சார், எந்தக் கைன்னுகூடத் தெரியாத மனுசன். இவரைப் போய் ஏமாத்த அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?