குழாயைச் சுண்டியவன்

எனக்குச் சத்தம் ஆகாது ஐயா. யாராவது கதவை அறைந்து சாத்தினால்கூட அன்று முழுக்கத் தலைவலிதான். மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடம் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற அமைதியான வேலை.

நரம்பில் ஏற்றும் மருந்தில் செத்த பாக்டீரியாவின் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. உடம்பில் ஏறினால் குளிர்ஜுரம், அளவு மிஞ்சினால் உயிரே போகும். சிறு கண்ணாடிக் குழாயில் மருந்தையும் சோதனைத் திரவத்தையும் கலந்து, உடல்சூட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் வைப்போம். பிறகு மெல்லத் தலைகீழாகக் கவிழ்ப்போம். உறைந்து நின்றால் நஞ்சு உண்டு. வழிந்தால் சுத்தம். நடுவில் குழாய் அதிர்ந்தால் உறைந்தது உடைந்துவிடும், திரும்பச் சேராது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மருந்துத் தொகுதி தேறவில்லை. மேலாளர் மூன்று நாள் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தினார். அடுத்த வாரம் என் முழங்கை மருந்துக் குழாய்கள் நின்ற தாங்கியில் இடித்துவிட்டது. சோதனையை மறுபடி செய்திருக்க வேண்டும். கவிழ்த்தேன், எல்லாம் வழிந்தது, தேறியது என்று எழுதினேன்.

“பாத்தீங்களா, நிதானமா செஞ்சா எல்லாம் சரியா வருது” என்றார் மேலாளர்.

அதன்பிறகு கவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் விரலால் ஒரு சுண்டு சுண்டுவேன். நாங்களே நஞ்சு கலந்து வைக்கும் ஒப்பீட்டுக் குழாயை மட்டும் தொடமாட்டேன். அது உறையாவிட்டால் சோதனையே செல்லாது, விதி அப்படி. நான் விதியை மதிப்பவன்.

போன மாதம் வந்த உப்புநீர்த் தொகுதிக்கு ஒரு சுண்டு போதவில்லை. மூன்று வேண்டியிருந்தது. அதனால் அந்தத் தொகுதி எண் மனதில் நின்றுவிட்டது.

என் தங்கையை வாந்தி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நர்ஸ் கொண்டுவந்த பாட்டிலில் அதே எண்.

“இந்தக் கம்பெனி பாட்டில் இவளுக்கு ஒத்துக்காது சிஸ்டர். வேற போடுங்களேன்.”

“உப்புத்தண்ணியில என்னங்க ஒத்துக்கறது, ஒத்துக்காதது?” என்று சிரித்தபடி வேறு கம்பெனிப் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார். முதலில் கொண்டுவந்த பாட்டிலைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமிக்கு மாட்டினார். ஒன்பது வயது இருக்கும்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் வார்டே ரெண்டுபடும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன். சொட்டு இறங்குவதை எண்ணிக்கூடப் பார்த்தேன், மெதுவாகத்தான் இறங்கியது.

முக்கால் மணி நேரத்தில் குழந்தையின் பல் கிட்டத் தொடங்கியது.

“அண்ணா, போர்வை இருந்தா குடுங்களேன். புள்ளைக்கு உதறுது” என்றாள் அவள் அம்மா.

தங்கையின் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். பாதத்தை நானே சுற்றிவிட்டேன். பாதம் சில்லென்று இருந்தது. மாலைக்குள் கட்டில் காலியாகிவிட்டது. அந்த அம்மா கத்தி அழவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஏழு வருஷமும் சுண்டியது நான்தான். எத்தனை தொகுதி என்று கேட்டால் தெரியாது. அவையெல்லாம் எங்கெங்கோ போய் ஏறி முடிந்திருக்கும், இனி யாராலும் திருப்பிக் கூப்பிட முடியாது. மறைக்க எனக்கு எதுவுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது ஐயா. அந்தப் போர்வையை நான் திரும்பக் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.