முந்நூற்றுத் தொண்ணூற்றேழரை

அக்கா: கையை எடு. டயர் கொதிக்குது, சுட்டுடும்.

தங்கை: நீ மட்டும் வச்சிருக்கே?

அக்கா: நான் இன்ஜினியர். என் கை சுடாது.

தங்கை: இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுட்டு ரெண்டு நாள் அழுதது யாருக்கா? அந்தக் கைதானே இது?

அக்கா: வாயை மூடிக்கிட்டு ஹெல்மெட்டைக் கழட்டு. மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு.

தங்கை: முதல்ல நம்பரைச் சொல்லு. எவ்வளவு வந்துச்சு? உள்ள திரையில மணிக்கு நானூத்திப் பதினஞ்சு கிலோமீட்டர் காட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்.

அக்கா: உள்ள இருக்கற திரை உனக்கு ஐஸ் வைக்கும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். கூரை மேல இருக்கற கருவி வானத்துல சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லுது பாரு, அதுதான் நிஜம். நானூத்தி நாலு.

தங்கை: நாலா... அது போதுமே. நானூறைத் தாண்டியாச்சு. வீட்டுக்குப் போலாம் வா.

அக்கா: அவ்வளவு சுலபமா விட்டுருவாங்களா? காத்து உன் முதுகைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. அதனாலதான் போன வழியிலயே திரும்பி வரணும்னு விதி வச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள. ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டாத்தான் வேகம்னு ஒத்துப்பாங்க.

தங்கை: அப்போ திரும்பி வர்றப்ப எனக்கு எவ்வளவு வேணும்?

அக்கா: முந்நூத்தித் தொண்ணூத்தாறு.

தங்கை: சும்மா சொல்லாதே. அதையா இவ்வளவு பெருசாப் பேசறே?

அக்கா: எதிர்க்காத்துல. முந்நூறு போறதுக்கு என்ன சக்தி வேணுமோ, நானூறு போக அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வேணும். மேல போகப் போக காத்து சுவர் மாதிரி நிக்கும்.

தங்கை: சுவர்னா இடிச்சுக்கிட்டுப் போறேன். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்... வாக்கி டாக்கி கத்துது பாரு. உங்க முதலாளி.

அக்கா: உங்க முதலாளியும்தான்.

முதலாளி: மின்னலு, கேக்குதா? நானூத்தி நாலு, தெரியுமில்ல? இங்க எல்லாரும் கை தட்டறாங்க.

தங்கை: கேக்குது சார். கை தட்டறதைக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க.

முதலாளி: போஸ்டர் அடிச்சாச்சு. 'நானூறு'னு ஆள் உயரத்துக்கு. சாயங்காலம் டிவிகாரங்க வர்றாங்க. நானூறோட திரும்பி வந்து சேர்ந்துட்டேன்னா இந்த வண்டிக்கு நிரந்தர டிரைவர் நீதான். சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன்.

தங்கை: வரலைன்னா?

முதலாளி: அந்தப் பேர் போன ரேஸ்காரர் ஹோட்டல்ல உக்காந்திருக்காரு. அடுத்த வாரம் அவரு ஓட்டுவாரு. நான் மறைச்சுப் பேச மாட்டேன், உனக்குத் தெரியும்.

தங்கை: அவரை ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க சார். வாடகை வீண்.

அக்கா: சார், நான் பேசறேன். பின்னாடி இடது டயர் மத்ததைவிடக் கொஞ்சம் சூடு அதிகமா தெரியுது.

முதலாளி: என் டயர் மீட்டர்ல பச்சையா இருக்கே. நாலும் பச்சை.

அக்கா: மீட்டர்ல பச்சைதான் சார். உள்பக்கமா கையை வச்சா...

முதலாளி: அம்மா, இவ்வளவு விலை கொடுத்து மீட்டர் எதுக்கு வாங்கினோம்? கையை வச்சுப் பாக்கவா? மாத்து டயரும் கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கு. பச்சைன்னா கிளம்பு. நேரம் போகுது.

அக்கா: ...சரி சார்.

தங்கை: என்ன, முகம் ஒரு மாதிரி போகுது?

அக்கா: ஒண்ணுமில்லை. வெயில்.

தங்கை: டயர் ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லு.

அக்கா: நீ என்ன நினைக்கறே?

தங்கை: பச்சைன்னா ஓடும். என்கிட்ட கேட்டா நான் வேற என்ன சொல்வேன்? எத்தனை வருஷமா இந்த சீட்டுக்காக அலையறேன். பழைய லாரி டயரைச் சோதிக்கற இடத்துல வட்டம் வட்டமா ஓட்டிக்கிட்டு இருந்தவளை இங்க கொண்டுவந்து நிறுத்தினதே நீதான்.

அக்கா: அதனாலதான் கேக்கறேன்... விடு. போய் முகம் கழுவிட்டு வா. வேன்ல தண்ணி இருக்கு.

தங்கை: கழுவினாத்தான் வேகமாப் போகுமா?

அக்கா: வேர்வை கண்ணுல வழியும். போடி.

தங்கை: ...கழுவியாச்சு. என்ன அங்க, தலையை உள்ள விட்டுக்கிட்டு? வண்டிக்கு வெளிய உன் கால் மட்டும்தான் தெரியுது.

அக்கா: உன் கையுறை கீழ விழுந்து கிடந்துச்சு. எடுத்தேன்.

தங்கை: ரெண்டும் என் கையிலதானே இருக்கு?

அக்கா: அப்போ வேற ஏதோ துணி. ஏறு, ஏறு. பெல்ட்டை நான் மாட்டி விடறேன்.

தங்கை: மூச்சு முட்டுதுக்கா. எனக்கு பெல்ட் போடறியா, மூட்டை கட்டறியா?

அக்கா: ரெண்டும்தான். கதவைச் சாத்தறேன். ரேடியோ கேக்குதா?

தங்கை: நல்லா கேக்குது. ஒரு நிமிஷம்... காலைச் சரி பண்ணிக்கறேன்... ம். இப்போ சரி. நீ வேன்ல பின்னாலயே மெதுவா வா. எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடாதே.

முதலாளி: ரோடு காலியா இருக்கு. மின்னலு, கிளம்பு.

தங்கை: கிளம்பிட்டேன் சார்.

முதலாளி: இருநூறு... அதுக்குள்ளவா? இருநூத்தி எழுபது. முந்நூறு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.

தங்கை: எனக்கு அடிக்கலை சார்.

அக்கா: ஸ்டியரிங் எப்படி?

தங்கை: சாதுவா இருக்கு. காத்து மட்டும் கத்துது.

முதலாளி: முந்நூத்தி அறுபது. எண்பது... எண்பத்தஞ்சு... தொண்ணூறு. தொண்ணூத்தொண்ணு. வா, வா... தொண்ணூத்தொண்ணு. ஏன் அப்படியே நிக்குது? மிதி, மின்னலு. மிதிக்கறியா இல்லையா?

அக்கா: சார், அவ காதுல கத்தாதீங்க. இந்த வேகத்துல ஒரு தும்மல் போட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு ஃபுட்பால் மைதானம் தாண்டிடும்.

முதலாளி: தொண்ணூத்தொண்ணு. கோடு தாண்டிடுச்சு... போச்சு. எல்லாம் போச்சு.

தங்கை: எதிர்க்காத்து சார். பலமா இருந்துச்சு.

அக்கா: மெதுவா நிறுத்து. யாரும் வண்டியைத் தொட வேண்டாம், நான் வந்துடறேன்.

முதலாளி: அஞ்சு. வெறும் அஞ்சு கிலோமீட்டர். சைக்கிள்ல போற வேகம் கூட இல்லை. அதுல கோட்டை விட்டுட்டியே.

தங்கை: கொடி எப்படிப் படபடன்னு அடிச்சுக்குது பாருங்க சார். அதைத் திட்டுங்க.

முதலாளி: கொடியைத் திட்டி என்ன? டிவிகாரங்களுக்கு என்ன சொல்றது? போஸ்டரை எங்க ஒளிக்கறது? உங்க அக்கா வேற வேனை விட்டு இறங்கி நேரா டயர்கிட்டயே போறா. என்னம்மா, அதுக்கு என்ன இப்போ?

அக்கா: இங்க வாங்க சார். குனிஞ்சு உள்பக்கம் பாருங்க. இல்லை, பின்னாடி இடது. தொடாதீங்க.

முதலாளி: என்ன இது... கொப்புளம் மாதிரி?

அக்கா: கொப்புளம்தான். ரப்பரும் உள்ள இருக்கற பின்னலும் பிரிஞ்சிடுச்சு. இதோ இந்த ஓரத்துல நூல் தெரியுது பாருங்க.

முதலாளி: மீட்டர்... கடைசி வரைக்கும் பச்சைதான் காட்டுச்சு.

அக்கா: மீட்டர் வெளித்தோலைப் பாக்குது. இது உள்ள வெந்திருக்கு.

முதலாளி: அந்த அஞ்சு கூட வந்திருந்தா...?

அக்கா: இதுக்கு மேல ஒரு அஞ்சை இது தாங்கியிருக்காது சார்.

தங்கை: சார், உக்காருங்க. இந்தாங்க, என் தண்ணியைக் குடிங்க.

முதலாளி: நான் மிதி மிதின்னு கத்தினேனே...

தங்கை: ஹெல்மெட்டுக்குள்ள பாதிதான் கேட்டுச்சு. விடுங்க.

முதலாளி: சரி. இப்போ போஸ்டருக்கு என்ன பண்றது? எவனாவது வந்து, உங்க வண்டி நிஜமா எவ்வளவு போகும்னு கேட்டா?

அக்கா: வண்டி இன்னும் போகும் சார். டயர் இவ்வளவுதான் விட்டுச்சு. இன்னிக்கு நிஜம்னா நாலையும் தொண்ணூத்தொண்ணையும் கூட்டிப் பாதி. முந்நூத்தித் தொண்ணூத்தேழரை.

தங்கை: அதையே போடுங்க. அந்த அரையோட.

முதலாளி: அரையோடவா? விளையாடறியா?

தங்கை: நானூறுன்னு போட்டா, எவரோ ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்ச நம்பர் மாதிரி இருக்கும். முந்நூத்தித் தொண்ணூத்தேழரைன்னு பாத்தா, எவளோ ஒருத்தி நிஜமாவே ஓட்டியிருக்கான்னு நம்புவாங்க. பக்கத்துக் கம்பெனிக்காரன் போஸ்டர்ல அரை இருக்கா? நம்ம கிட்ட மட்டும்தான் இருக்கு.

முதலாளி: ...அரை. ம்ம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அரையைக் கொஞ்சம் பெருசாவே போடச் சொல்றேன்.

தங்கை: அந்த ரேஸ்காரரு, சார்?

முதலாளி: போன் பண்ணி ஊருக்குப் போகச் சொல்லிடறேன். அவரு கெட்டிக்காரருதான். ஆனா எதிர்க்காத்து மேல பழி போடத் தெரியாது, முழுசா மிதிச்சுத் தொலைச்சிருப்பாரு. நான் போய் டிவிகாரங்களைப் பாக்கறேன். நீ முகத்தைக் கழுவு, மின்னலு. படம் எடுப்பாங்க.

தங்கை: இன்னிக்கு எல்லாருக்கும் என் முகம்தான் கண்ணை உறுத்துது.

அக்கா: ...அவரு போயிட்டாரா?

தங்கை: போயிட்டாரு. ஏன் குசுகுசுன்னு பேசறே?

அக்கா: ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

தங்கை: கேட்டுட்டு முடிவு பண்றேன்.

அக்கா: ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில ஒரு போல்ட்டு இருக்குல்ல... நீ முகம் கழுவப் போனப்ப அதை மேல ஏத்தி வச்சேன். பெடல் முழுசா இறங்காதபடி. கையை வச்சப்பவே அந்த டயர் எனக்குப் பிடிக்கலை. அவர்கிட்ட சொன்னா மீட்டரைக் காட்டறாரு. உன்கிட்ட கேட்டா நீயும் பச்சைங்கறே. தொண்ணூறு வரைக்கும் தாங்கும்னு தோணுச்சு, அதுக்கு மேல உன்னை விட மனசு வரலை. உன் சீட்டே போயிருக்கும்டி. தெரிஞ்சுதான் பண்ணினேன்.

தங்கை: அந்தப் போல்ட்டு இப்போ எப்படி இருக்குன்னு குனிஞ்சு பாரு.

அக்கா: எதுக்கு... இரு... இது கீழ இருக்கே. பழைய இடத்துலயே இருக்கு.

தங்கை: ஒரு தடவை மிதிச்சுப் பாக்காம நான் எப்போக்கா வண்டியை எடுத்திருக்கேன்? கால்ல தட்டுச்சு. பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கையை விட்டுத் திருகி இறக்கிட்டேன்.

அக்கா: அப்போ பெடல் முழுசா இறங்கியிருக்குமே. பின்ன ஏண்டி தொண்ணூத்தொண்ணுலயே நின்னே?

தங்கை: எனக்குத் தெரியாம என் வண்டியில நீ ஒரு திருகாணியைக் கூடத் தொட்டதில்லை. இன்னிக்குத் தொட்டிருந்தே. பச்சையாவது மண்ணாவதுன்னு, நீ நிறுத்தின இடத்துலயே நானும் காலை நிறுத்திக்கிட்டேன். ஆனா என்னை நிறுத்தினது போல்ட்டுன்னு பேர் வரக் கூடாது பாரு, அதான் இறக்கி வச்சேன்.